நாக்கு மெக்கானிக்கும் பெரிய பண்ணையின் ரேடியேட்டரும்

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஓடிய அத்தனை கார், ஜீப், லாரிகளின் ரேடியேட்டர் தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். மன்னார்குடியில் பெரிய குளத்துக்கு அந்தண்டை ஒரு சந்தில் அவருக்குப் பட்டறை. அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கு அவர் நாக்கு மெக்கானிக். அவசரத்துக்கு வெறும் 'நாக்கு'.

"நாக்கு இருக்காரா? வெளியில போயிட்டாரா?" என்று யாராவது சந்து முனையில் விசாரித்தால், பஸ்ஸுக்கு நிற்கும் வெளியூர்க்காரர்கள் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அப்போது நான் தாலுகா ஆபீசில் கடைசி மேஜைக் குமாஸ்தா. எங்கள் தாசில்தாரின் ஜீப் வாரத்துக்கு இரண்டு தடவை கொதிக்கும். அதை அந்தப் பட்டறையில் விட்டுவிட்டு, சரியாகும் வரை காவல் இருப்பது என் உத்தியோகத்தில் எழுதப்படாத ஒரு பகுதி. அப்படித்தான் பழக்கம். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க ரெவின்யூ, ஆறட்டும், உக்காருங்க" என்பார். ஆற வேண்டியது ஜீப்.

இஞ்சின் சூடாகிறது என்று வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பானரைத் தேடுவார்கள். இவர் ஸ்டூலைத் தேடுவார். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை எவனாவது அவசரப்பட்டுத் தொட்டால் மனிதருக்குக் கெட்ட கோபம் வரும். "மூஞ்சி வேணுமா வேணாமா?" என்று ஒரே கேள்வி. வண்டி ஆறின பிறகு, ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு அரைத் திருகு திருகுவார். புஸ்ஸென்று வருகிற ஆவியெல்லாம் போன பிறகு முழுத் திருகு. அப்புறம் சட்டைப் பையிலிருந்து பித்தளைப் பாலாடையை எடுப்பார். ஆமாம், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அதே பாலாடைதான். அதில் ரேடியேட்டர் தண்ணீரை மொண்டு, கண்ணை மூடி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, மூலையிலிருந்த ஆமணக்குச் செடியில் துப்புவார். அந்தச் செடி ஓட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்திருந்தது.

"எண்ணெய் வாடை வருது. ஹெட் கேஸ்கட் போயிடுச்சு."

"துரு. தண்ணி பம்பு உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போச்சு. சத்தம் வந்துச்சே, கேக்கலியா?"

"உப்புக் கரிக்குது. கடக்கரைப் பக்கம் போயிருந்தீங்களா?"

இந்த மூன்றாவது தீர்ப்பால் சில குடும்பங்களில் பூகம்பமே நடந்தது. கும்பகோணத்தில் வாய்தா என்று வீட்டில் சொல்லிவிட்டு, வேதாரண்யம் பக்கம் சீட்டுக் கச்சேரிக்குப் போன பெரிய மனிதர்கள் உண்டு. அவர்கள் வீட்டம்மாக்கள் பட்டறைக்கு ஆள் அனுப்பி, "எந்த ஊருத் தண்ணின்னு கேட்டுக்கிட்டு வா" என்று விசாரிக்க ஆரம்பித்த பிறகு, பலர் திரும்பி வரும் வழியில் ரேடியேட்டரைக் காலி செய்து, ஆற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

அந்த நாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெற்றிலை கிடையாது. பீடி கிடையாது. மிளகாய் கிடையாது. மூன்று வேளையும் மோர்ச் சாதம், அதற்கும் ஊறுகாய் கிடையாது. வெற்றிலை போடாத ஒரு மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவில் நடமாடினார் என்பதை நம்பச் சிரமமாக இருக்கும். கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டு தன்னிடம் வந்தால், ஏதோ கைது வாரண்டு வந்தது போல எழுந்து போய்விடுவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ரேடியேட்டரில் ஊற்றியது வெறும் தண்ணீர். இப்போது ஊற்றுகிறார்களே பச்சையாகவும் சிவப்பாகவும், அது விஷம். இதைப் படித்துவிட்டு யாரும் பாலாடையோடு கிளம்பிவிட வேண்டாம்.

நாக்கு மட்டுமே அவருடைய வித்தை என்றும் நினைக்கக் கூடாது. விசிறி பெல்ட்டைக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கித் தொய்வு சொல்வார். ரேடியேட்டரின் முகப்பை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார். சுடுகிற இடத்தை விட்டுவிடுவார். ஜில்லென்று ஒரு இடம் தட்டுப்பட்டால் நின்றுவிடுவார். "இங்க தண்ணி வரல. அடைப்பு இங்கதான்." அறுவடைக் காலத்தில் ரோட்டிலே வைக்கோலும் எள்ளுச் செடியும் பரப்பி, போகிற வண்டிகளைக் கொண்டே அடித்துக் கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பதரும் தூசியும் ரேடியேட்டர் முகப்பில் அடை அடையாக அப்பியிருக்கும். மெக்கானிக் அதை ஒரு பழைய விளக்குமாற்றால் தட்டிவிட்டு, "பதரு வந்துருச்சு, எள்ள எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்பார்.

பேராவூரணியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்தார். வேன் நாற்பது மைல் வருவதற்குள் ஏழு தடவை கொதித்ததாம். நம் ஆள் பாலாடையை வாயில் வைத்தார். முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"என்னய்யா ஊத்துன இதுல?"

"வழியில தண்ணி கெடைக்கலீங்க. வண்டி நெறைய எளநி இருந்துச்சு. எளநி குளிர்ச்சிதானுங்களே?"

"எத்தினி எளநி?"

"பதினாறுங்க. செவ்வெளநியாப் பாத்துத்தான் ஊத்துனேன்."

இரண்டு நாள் கழுவினார். எறும்பு வருவது நிற்க ஒரு வாரமாயிற்று. அந்த வியாபாரியை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டிமேல் இவ்வளவு பாசம் வைத்த ஆளைத் தான் பார்த்ததில்லை என்றுதான் சொன்னார்.

தேர்தல் வந்தது. கரை வேட்டிக் கட்சிக்காரர்களின் பிரசாரக் கார் ஒன்று ஊருக்கு ஊர் கொதித்து நின்றது. பட்டறைக்கு வந்தபோது பார்த்தால், ரேடியேட்டருக்கு எதிரே முகப்பு முழுவதையும் அடைத்துத் தலைவரின் பெரிய படத்தைத் தகரத்தில் எழுதிக் கட்டியிருந்தார்கள். காற்று ஒரு பொட்டு உள்ளே போக வழியில்லை. படத்தை எடுங்கள் என்று சொல்ல எந்த மெக்கானிக்குக்கும் தைரியம் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரன் என்று கையைக் காலை வாங்கிவிடுவார்கள். நாக்கு மெக்கானிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"தலைவர இப்பிடிப் பம்பருக்குப் பக்கத்துல வைக்கலாமுங்களா? எதுத்தாப்புல வர்ற லாரிக்காரன் அடிக்கிற சேறெல்லாம் மூஞ்சிலல்ல படும்? தலைவருன்னா உச்சியில இருக்க வேணாமா?"

கட்சிக்காரர்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் அவர்களே படத்தை அவிழ்த்துக் காரின் தலைமேல் ஏற்றினார்கள். முகப்பு திறந்துகொண்டது. அந்தத் தேர்தல் முடியும் வரை கார் கொதிக்கவேயில்லை. பட்டறைக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்கள். இவர் இப்படித்தான் என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்சி ஜெயித்தது. கோட்டையில் கொடி மாறியது. மாறாத ஒன்று, குறுவை அறுவடைக்கு முன் எங்கள் தாலுகா ஆபீசில் நடக்கும் கூலிப் பேச்சு. ஒரு பக்கம் செங்கொடி பிடித்த விவசாயத் தொழிலாளர்கள், ஒரு பக்கம் மிராசுதார்கள், நடுவே எங்கள் தாசில்தார், அவர் முதுகுக்குப் பின்னால் காகிதக் கட்டோடு நான். வயலில் கதிர் முற்றிச் சாயத் தொடங்கியிருக்கும். வானம் கறுத்துக் கொண்டிருக்கும். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசுவார்கள்.

அந்த வருஷம் பேச்சுக்கு வர வேண்டிய முக்கியமான மிராசுதார், பெரிய பண்ணை என்று எல்லோரும் சொல்கிறவர். ஊர்ப் பெயர் வேண்டாம், பேரன்கள் இன்னும் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறார்கள். அவரிடம் கறுப்பு நிறத்தில் அகலமான ஒரு கார் இருந்தது. அவரே ஓட்டுவார். தினம் காலையில் காரைக் கழுவித் துடைத்துத் தண்ணீர் ஊற்றுவது வீரையன் என்கிற பண்ணையாள். அந்த வீரையன் இரண்டு மாதத்துக்கு முன்புதான் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தான்.

பேச்சு நாளன்று பெரிய பண்ணையின் கார் வழியில் மூன்று தடவை கொதித்தது. மூன்றாவது தடவை கிளம்பவேயில்லை. நின்ற இடம் சரியாகத் தொழிலாளர்களின் தெரு முனை. உச்சி வெயிலில் மேல்துண்டால் விசிறிக்கொண்டு அவர் நின்றதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. யாரோ சிரித்தும் விட்டார்கள். அவர் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். சேறு வழிந்தது.

"வீரையன்தான். பேச்சுக்கு நான் போகக் கூடாதுன்னு வயல் சேத்தக் கரைச்சு ஊத்திட்டான்!"

அன்று சாயங்காலமே வீரையனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் வெளியே வராமல் ஒருவரும் அரிவாள் எடுக்கமாட்டோம் என்றது சங்கம். அவன் ஒப்புக்கொள்ளாமல் பேச்சுக்கே வரமாட்டேன் என்றார் பெரிய பண்ணை. வீரையனின் மனைவி ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்தடியில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தாள். நான் ஆபீசுக்குப் போகும்போதும் இருந்தாள், வரும்போதும் இருந்தாள். மறுநாள் கேஸ் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அப்படிப் போனால் அவன் எப்போது திரும்புவான் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாராலும் முடியாது.

எங்கள் தாசில்தார் இன்ஸ்பெக்டரிடம் ஒரு நாள் தவணை கேட்டு வாங்கினார். என்னைக் கூப்பிட்டார். "வண்டிய ஒன் சிநேகிதன் பட்டறைக்குக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு அவரு பிரிச்சுச் சொல்லட்டும். நீ பக்கத்துல ஒக்காந்து மகஜர் எழுது. ஒரு வார்த்த விடாத."

கார் வந்தது. இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே பெரிய பண்ணை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, ஓட்டுவது தான்தான் என்கிற தோரணையில் உட்கார்ந்திருந்தார். சந்து திரும்பும்போது கையை வெளியே நீட்டி சிக்னல்கூடக் காட்டினார். பின்னால் இன்ஸ்பெக்டர்.

மெக்கானிக் பாலாடையில் மொண்டு வாயில் விட்டார். கண்ணை மூடினார். துப்பினார். வழக்கத்தில் இல்லாத வழக்கமாக இரண்டாவது பாலாடையும் எடுத்தார்.

"வயல் சேறுதானே?" என்றார் பெரிய பண்ணை.

"சேறுதாங்க. எந்தச் சேறுன்னு பிரிச்சாத் தெரியும்."

நான் மகஜரில், 'மேற்படி நீரை மேற்படி மெக்கானிக் இருமுறை வாயிலிட்டுப் பார்த்தார்' என்று எழுதினேன். இப்படி ஒரு வாக்கியம் ரெவின்யூ இலாகாவில் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ரேடியேட்டரைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்க ஊது விளக்கைப் பற்ற வைத்தார். அந்த வேலைக்குக் கால் மணி நேரம் போதும். அன்று ஒன்றரை மணி நேரம் செய்தார். எனக்கே எரிச்சலாக இருந்தது. ஸ்டேஷன் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், இந்த மனிதர் ஈயத்தைத் தடவிக் கொடுத்துக் கொண்டிருக்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன். நடுவே வேலையை நிறுத்திவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவர் போலத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த வருசம் பதினெட்டாம் பெருக்குக்கு வண்டிக்குப் பூசை ஏதும் கொறையா வச்சிட்டீங்களோ? சில வண்டி அந்தக் கொறையிலயும் நிக்கும்."

பெரிய பண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "கொறையா? எங்க வீட்டுலயா? ஆத்துப் படித்துறையில வீட்டுப் பொம்பளைங்க அத்தன பேரும் பூசை பண்ணி, அந்தக் கொடத்தத் தலையில வச்சுக் கொண்டாந்து, புதுத் தண்ணிய அப்பிடியே ரேடியேட்டர்ல ஊத்துனோம்யா! பழைய தண்ணி ஒரு சொட்டு இல்லாம வடிச்சிட்டு!"

"யாரு ஊத்துனாங்க, வீரையனா?"

"அவனா? பூசைக் கொடத்த அவன் தொட விடுவமா? வண்டிப் பக்கமே வரக் கூடாதுன்னு மாட்டுக் கொட்டாய்க்கு அந்தாண்ட நிக்க வச்சிருந்தேன். நான் ஊத்துனேன். என் கையால."

"ஐயா கையாலயே. அதானே பாத்தேன்" என்றார் மெக்கானிக் மிகவும் திருப்தியாக. என் பக்கம் திரும்பி, "ரெவின்யூ, ஐயா சொன்னத அப்பிடியே எழுதிட்டீங்களா? 'என் கையால' வரைக்கும்?" என்றார்.

எழுதியிருந்தேன். ஈயம் ஒரே நிமிஷத்தில் விட்டுக்கொண்டது. மேல் தொட்டியைத் தூக்கித் தாம்பாளத்தில் கவிழ்த்தார். முகப்பவுடர் மாதிரி வழவழவென்று சிவப்பு வண்டல் விழுந்தது. அதற்கு நடுவே, டிங், டிங் என்று தாம்பாளத்தில் எதுவோ உருண்டது.

கருகமணி. ஒன்றல்ல, பதினொன்று. கூடவே ஒரு துண்டு மஞ்சள் கயிறு.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எவருக்கும் அதைப் பார்த்துச் சந்தேகம் வராது. ஆடிப் பெருக்குக்குக் காவேரிக்குக் காதோலையும் கருகமணியும் படைக்காத வீடு ஏது? இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவர் வீட்டிலும் படைத்திருப்பார்கள். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு ரேடியேட்டர் இல்லாததால் தப்பித்திருக்கிறார்.

மெக்கானிக் வண்டலைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துக் காட்டினார். "பாருங்க சார். வயல் சேறுன்னா வேரு இருக்கும், வைக்கத் தூளு இருக்கும், புளிப்பு வாடை அடிக்கும். இது புது வெள்ளத்து வண்டல். வீரையன் தெனம் ஊத்துனது கெணத்துத் தண்ணி. அது வண்டலுக்கு மேல நின்னுக்கிட்டு, எறங்க வழியில்லாம தவிச்சிருக்கு."

பெரிய பண்ணை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மெக்கானிக்தான் சமாளித்தார். "காவேரித் தாயி கூடவே வரணும்னு ஐயா ஆசப்பட்டீங்க. வந்துட்டா. அவ வண்டல விட்டுட்டுத் தனியா வரமாட்டாளே, என்ன பண்றது?"

மகஜரில் இன்ஸ்பெக்டரும் பெரிய பண்ணையும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் போன பிறகு, ஒன்றரை மணி நேரம் இழுத்தடித்ததற்காக நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதப் பாலாடையிலயே மஞ்சளும் பச்சக் கற்பூரமும் வந்துருச்சு ரெவின்யூ. பூசைக் கொடம்னு அப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"சொன்னா? வீரையந்தான் கொடத்துல சேத்தக் கலந்துட்டான்னு சொல்லியிருப்பாரு. மணி கண்ணுல படுறதுக்கு முன்னால அவரு வாயால வரணும்ல."

அவரைத் திட்டியதற்கு மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கூலிப் பேச்சு மறுநாளே நடந்தது. மழைக்கு முன்னால் குறுவையும் களத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்தப் பண்ணையின் காரும் அந்தப் பட்டறைக்கு வரவில்லை. நாக்கு மெக்கானிக் லாரிகளையும் எங்கள் ஜீப்பையும் வைத்துக் காலம் தள்ளினார். மறு ஆடி வந்தது. மறுபடியும் எல்லோரும் புதுத் தண்ணீர் ஊற்றினார்கள், மறுபடியும் கொதித்தது, ஒவ்வொரு காராகப் பின்பக்கச் சந்து வழியாக வந்து சேர்ந்தது. அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பாலாடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது மகஜர் எழுதிய அந்தச் சாயங்காலத்தைப் பற்றி. வீரையன் ஸ்டேஷனிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தான். மனைவி சந்து முனையில் நின்றாள். இரண்டு நாள் தாடி, உதடு வறண்டிருந்தது. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, "தண்ணி குடுங்கண்ணே" என்று இரண்டு கையையும் குவித்து நீட்டினான். ஊரில் அவனுக்கு யார் தண்ணீர் கொடுத்தாலும் அப்படித்தான், மேலிருந்து ஊற்றுவார்கள்.

மெக்கானிக் பானையில் தன்னுடைய டம்ளரை முக்கி அவன் கையில் கொடுத்தார். அவன் தயங்கிவிட்டு, உதடு படாமல் அண்ணாந்தான்.

"வாய் வச்சுக் குடிப்பா. சட்டையெல்லாம் நனையுது பாரு."

வீரையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாய் வைத்துக் குடித்தான். பாதி டம்ளரில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் டம்ளரை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தார். துப்பவில்லை. கண்ணை மூடவுமில்லை. தாகமாயிருந்த ஒரு மனிதர் குடிப்பது போலக் குடித்துவிட்டு, மறுபடியும் முக்கி அவனிடமே நீட்டினார்.

நான் அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுபோகிற ஆள். வெளித் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கும் மகஜர்க் காகிதத்துக்குப் பக்கத்தில் கூஜா இருந்தது. "ரெவின்யூ, ஒங்களுக்கு?" என்று டம்ளரைக் காட்டிக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார்.

எத்தனையோ ஊர்த் தண்ணீர் குடித்தாயிற்று. அந்த ஒரு டம்ளரை வாங்கிக் குடித்திருக்கலாமே அண்ணே என்று இன்றைக்கும் சில நாள் தொண்டை வறண்டு போகிறது.